வாசகர் கேள்வி: மகள் எந்த டொச் பள்ளிக்கூடத்துக்குப் போவது?

கேள்வி: அக்கா, என் மகள் கலியாணம் முடித்து தை மாதம் ஜேர்மனிக்குப் போய்விட்டாள். இப்போது டோர்ட்முண்டில் இருக்கிறாள். கொழும்பில் டொச் மொழியின், அதாவது ஜேர்மன் மொழியின், ஆரம்பப் படியான ஏ1 சோதனை பாஸ் பண்ணித்தான் விசா கிடைத்தது. இனி அங்கே டொச் படிக்க வேண்டும். தெரிந்த தமிழ் ஆசிரியர் ஒருவர் சூமில் தமிழிலேயே விளங்கப்படுத்துகிறாராம், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்கிறார் மருமகன். ஒரு தனியார் பள்ளிக்கூடம் மூன்று மாதத்தில் பி1 என்கிற நடுத்தரப் படியை முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் போட்டிருக்கிறது, காசும் கூட. மகளுக்கோ நகரத்தின் பொதுப் பள்ளிக்கூடத்தில் சேரத்தான் விருப்பம், ஆனால் காத்திருக்க வேண்டுமாம். நான் எதைச் சொல்லட்டும்? – உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, மகள் சொல்வதுதான் சரி. காத்திருக்கச் சொல்லுங்கள், ஆனால் சும்மா காத்திருக்க வேண்டாம்.

முதலில் அந்த மூன்று மாதக் கதையைப் பார்ப்போம். ஜேர்மனியில் புதிதாக வருகிறவர்களுக்கென்று 2005 முதல் அரசாங்கம் நடத்துவிக்கும் வகுப்பு இருக்கிறது, இன்டெக்ராட்சியோன்ஸ்கூர்ஸ் என்பார்கள். அதில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளை, ஒரு பாடவேளை 45 நிமிடம். அதற்குப் பிறகு நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை பற்றி இன்னும் 100. மொழிப் பகுதியை நூறு நூறாக ஆறு படியாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் இரண்டும் ஏ1, அடுத்த இரண்டும் ஏ2, கடைசி இரண்டும் பி1. மகள் ஏ1 முடித்தவள் என்பதால் சேரும்போது வைக்கும் தரம் பார்க்கும் சோதனையில் நன்றாகச் செய்தால் நேரே மூன்றாம் படியில் உட்கார வைப்பார்கள். மிச்சம் 400 பாடவேளை. கிழமைக்கு 25 என்று ஓடினாலும் 16 கிழமை ஆகும், அதுவும் ஒரு நாளும் விடாமல் போனால். வீட்டு வேலை, புது ஊர், குளிர், காய்ச்சல் எல்லாம் இருக்கிற ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்தில் பி1 என்று சத்தியம் பண்ணுகிற இடத்தில் காசைக் கொட்ட வேண்டாம்.

தனியார் பள்ளிக்கூடம் எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசாங்க வகுப்பை நடத்த அனுமதி பெற்ற தனியார் பள்ளிக்கூடங்கள் நிறைய உண்டு, நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான். பாம்ஃப் என்கிற மத்திய அலுவலகத்தின் அனுமதி இருக்கிறதா? கடைசியில் கிடைக்கும் சான்றிதழ் யாருடையது? கோதே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரித்த சோதனையின் சான்றிதழ் என்றால் சரி. பள்ளிக்கூடம் தன் சொந்தத் தாளில் முத்திரை குத்தித் தருகிறது என்றால் அதை விசா அலுவலகத்தில் நீட்டிப் பிரயோசனமில்லை. அப்புறம், முழுக் காசையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால், இடையில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லுங்கள்.

நகரத்துப் பள்ளிக்கூடம் என்று மகள் சொல்வது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே ஆகத்தான் இருக்கும். ஜேர்மனியில் ஊருக்கு ஊர் இருக்கிற, வளர்ந்தவர்களுக்கான பொதுக் கல்வி நிலையம் அது. அங்கே அரசாங்க வகுப்பில் சேர, கணவன் மனைவியாகக் குடும்ப விசாவில் போனவர்களுக்கு உரிமை உண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த உரிமை வதிவிட அனுமதி கிடைத்து ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே இந்தக் கிழமையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வந்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்பதை அவளே தெரிவு செய்யலாம், ஒன்றில் இடமில்லை என்றால் அனுமதி பெற்ற இன்னொன்று. இரண்டு மூன்று இடத்தில் பெயர் கொடுத்து வைப்பதில் தப்பே இல்லை. வீட்டிலிருந்து ட்ராமில் ஒரே ஏற்றத்தில் போய்விடக்கூடிய இடமாகப் பார்க்கட்டும். மார்கழி மாதம் காலை எட்டு மணிக்கும் அங்கே இருட்டு, இரண்டு வண்டி மாறிப் போகிற வகுப்பை யாரும் கனகாலம் தொடர மாட்டார்கள்.

இனி மருமகன் சொல்கிற சூம் வகுப்பு. அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை, இலக்கணத்தில் சந்தேகம் வரும்போது தமிழில் ஒருவர் விளங்கப்படுத்தினால் பெரிய உதவிதான். ஆனால் அந்த அரசாங்க வகுப்பின் முடிவில் வைக்கும் பி1 வாய்மொழிச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? இரண்டு இரண்டு பேராக உட்கார வைப்பார்கள். முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு கையில் ஒரு படத்தைத் தருவார்கள், அதில் என்ன தெரிகிறது, உங்கள் நாட்டில் இது எப்படி என்று கதைக்க வேண்டும். கடைசியில் முன்னே இருக்கிற முன்பின் தெரியாத ஆளோடு சேர்ந்து ஒரு விருந்தோ சுற்றுலாவோ திட்டமிட வேண்டும், யார் சாப்பாடு கொண்டு வருவது, எத்தனை மணிக்குச் சந்திப்பது, அந்த நாள் எனக்குச் சரிவராது, வேறு நாள் பார்ப்போமா என்று. தமிழில் விளங்கி, தமிழில் கேள்வி கேட்டுப் பழகின பிள்ளைக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துப் போகும். சிரியாக்காரி ஒருத்தி, உக்ரேன்காரர் ஒருவர், துருக்கிப் பிள்ளை ஒன்று என்று இருக்கிற வகுப்பில் பென்சில் இரவல் கேட்பதற்கும் டொச் தவிர வேறு வழியில்லை. எனக்கு இதுதான் பள்ளிக்கூடத்தின் பெறுமதி. இன்னொன்றும் இருக்கிறது, கணவரையும் அவருடைய சொந்தக்காரரையும் தவிர வேறு ஆட்களைத் தெரியாத ஊரில் அவளுக்கென்று நாலு பேர் அங்கேதான் கிடைப்பார்கள். தயவுசெய்து அவளை வீட்டுக்குள் வைத்துப் படிப்பிக்க விட வேண்டாம்.

இடம் கிடைக்கும் வரை ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே நடத்தும் இலவச இணையப் பாடங்களைச் செய்யட்டும், ஏ1 முதல் பி1 வரை இருக்கிறது. சேர்வதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்றும் கேட்கலாம். அங்கே ஆசிரியர் எவ்வளவு நேரம் கதைக்கிறார், பிள்ளைகள் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

கேள்வி: நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன், வருகிற ஜேர்மன்காரரோடு கொஞ்சம் டொச் கதைப்பேன். அங்கே தாதியர் பயிற்சிக்குப் போக ஆசை. திருகோணமலையில் இருந்தே படிக்கலாமா? – நிலாவெளி வாசகர்

பதில்: படிக்கலாம் தம்பி. கதைத்துப் பழகியிருப்பது பெரிய பலம், ஆனால் எழுத்தும் இலக்கணமும் தனியாக வேண்டும். அந்தப் பயிற்சி மூன்று வருடம், படிக்கும்போதே மாதச் சம்பளம் உண்டு. பி1 இல்லாமல் நினைக்கவே வேண்டாம், பல வைத்தியசாலைகள் அதற்கும் மேல் படியான பி2 கேட்கின்றன. ஜேர்மனியிலிருந்து நடக்கும் இணைய வகுப்பில் சேர்வதென்றால் நேரத்தைப் பாருங்கள், அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் இங்கே கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. விடுதி வேலை முடித்து அந்த நேரத்தில் விழித்திருக்க முடியுமா என்று யோசியுங்கள். சோதனைக்குக் கொழும்பு கோதே நிறுவனத்துக்குத்தான் போக வேண்டி வரும். பி1, பி2 சோதனைகளை வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நாலாகப் பிரித்து எழுதலாம், ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். விடிய ரயிலில் போய் இறங்கி நேரே சோதனை மண்டபத்துக்குப் போகாமல், முதல் நாளே போய்த் தங்குங்கள்.

கேள்வி: கணவர் ஜேர்மனியில் நீல அட்டையில், அதாவது படித்த வேலைக்காரருக்குக் கொடுக்கும் வதிவிட அனுமதியில், இருக்கிறார். எனக்கு ஏ1 தேவையில்லை என்கிறார்கள், உண்மையா அக்கா? – கிண்ணியா வாசகி

பதில்: உண்மைதான். நீல அட்டைக்காரரின் மனைவிக்கு விசாவுக்கு ஏ1 கேட்பதில்லை. ஆனாலும் படித்துக்கொண்டு போங்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லவும், தொலைபேசி இலக்கத்தையும் மணியையும் தடுமாறாமல் சொல்லவும் தெரிந்தால், வைத்தியரிடமும் பதிவு அலுவலகத்திலும் கணவர் லீவு எடுத்துக் கூட வர வேண்டியதில்லை. அங்கே போனதும் உவர்மலை வாசகிக்குச் சொன்ன அதே கடிதத்தை நீங்களும் கேளுங்கள்.