எந்த பில்டு சீக்கிரம் லெவல் ஏறும்? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள்

வீடியோ கேம் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: "எந்த பில்டு போட்டால் சீக்கிரம் லெவல் ஏறும்?" பில்டு என்றால் கேரக்டரை எந்தத் திறமைகளில் வளர்க்கிறோம் என்பது. சிலர் கேமின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்று நடுகிறவர் யாருக்கு விற்கப் போகிறோம் என்றுதான் முதலில் யோசிப்பார். கூழ் ஃபாக்டரிக்கு என்றால் பெங்களூரா ரகம், பழமாகப் போகிறது என்றால் வேறு ரகம். பில்டும் அப்படித்தான். உங்கள் கேம் எதற்கு எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) கொடுக்கிறது? கொன்றதற்கா, குவெஸ்ட் (கேம் தரும் பணி) முடித்ததற்கா, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததற்கா? அது தெரியாமல் பில்டு பற்றிப் பேசிப் பயனில்லை. அதனால் கேம் பெயரோடு கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

பர்கூர், கல்லூரி மாணவர்: அண்ணா, ஸ்கைரிமில் பட்டறையிலேயே உட்கார்ந்து கத்தியும் மோதிரமும் செய்து செய்தே லெவல் 20 தாண்டிட்டேன். இப்ப ஒரு பேண்டிட் தலைவன்கூட என்னை ரெண்டே அடியில முடிச்சிடறான். பில்டு சொதப்பிடுச்சா?

சொதப்பவில்லை தம்பி. நீங்கள் வளர்த்திருப்பது ஒரு கொல்லனை, அனுப்புவது போர்க்களத்துக்கு. அதுதான் சிக்கல்.

2011-ல் வந்த இந்த கேமில் எதிரியைக் கொன்றதற்கென்று தனியாக எக்ஸ்பி கிடையாது. மொத்தம் 18 ஸ்கில். அதில் ஏதாவது ஒன்று ஒரு படி ஏறினால், அது போய் நின்ற எண் அப்படியே கேரக்டர் லெவல் கணக்கில் சேரும். ஸ்மித்திங் (கொல்லு வேலை) 49-லிருந்து 50 ஆனால் 50 பாயின்ட் கிடைக்கும். வாள் வித்தை 20-லிருந்து 21 ஆனால் 21 தான். லெவல் 1-லிருந்து 2-க்குப் போக 100 போதும்; 20-லிருந்து 21-க்கு 575 வேண்டும். அதனால் ஒரே ஸ்கில்லைப் பிடித்து மேலே கொண்டுபோனால் லெவல் மளமளவென ஏறத்தான் செய்யும். ஆனால் கொள்ளைக்காரப் பேண்டிட், எழுந்து நடக்கும் பிணமான டிராகர் எல்லாம் பெரும்பாலும் உங்கள் லெவலைப் பார்த்துத்தான் பலம் கூட்டிக்கொண்டு வருவார்கள். உங்கள் வாளோ இன்னும் ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

புது கேரக்டர் போட வேண்டாம். செய்து குவித்ததையெல்லாம் விற்றுவிடுங்கள். அந்தக் காசில் ட்ரெய்னரிடம் ஒன்-ஹேண்டட் (ஒரு கை ஆயுதம்), பிளாக் (தடுப்பு) இரண்டையும் ஏற்றுங்கள். ஒவ்வொரு லெவலுக்கும் 5 முறை பயிற்சி எடுக்கலாம். கையில் இருக்கும் வாளைச் சாணைக்கல்லிலும், கவசத்தை வொர்க்பெஞ்சிலும் தேற்றுங்கள். ஸ்மித்திங் 60, 70 இருக்கிறவன் தேற்றிய ஸ்டீல் வாள், தேற்றாத நல்ல வாளைவிட நன்றாகவே வெட்டும். ரிவர்வுட் பக்கத்தில் இருக்கும் வாரியர் கல்லைத் தொட்டு வைத்தால் வாள், கேடயம், ஸ்மித்திங் எல்லாம் 20% வேகமாக ஏறும். சத்திரத்தில் காசு கொடுத்துத் தூங்கி எழுந்தால் இன்னொரு 10%. லெவல் ஏறும்போது கிடைத்து இன்னும் செலவழிக்காத பெர்க் பாயின்ட் இருந்தால் அத்தனையும் வாளுக்கே போகட்டும்.

ஊத்தங்கரை: ஆப்லிவியனிலும் இதே கதைதானா?

அதைவிட மோசம். 2006-ல் வந்த மூல கேமில் 7 மேஜர் ஸ்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை மொத்தமாக 10 படி ஏறினால் ஒரு லெவல். தினமும் பயன்படுத்துவதையே மேஜராக வைத்தால் விறுவிறுவென லெவல் ஏறும். ஆனால் ஆட்ரிபியூட் (பலம், வேகம் போன்ற அடிப்படை எண்) போனஸ் +5 வரை கிடைக்க வேண்டியது +1, +2 என்று நின்றுவிடும், எதிரிகள் மட்டும் கொழுத்துவிடுவார்கள். இதனாலேயே அந்தக் காலத்து ஆட்கள் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு விளையாடினார்கள். கேமில் பாதி இன்பம் அங்கேயே போய்விட்டது என்பது என் கருத்து. 2025-ல் வந்த ரீமாஸ்டரில் மைனர் ஸ்கில்லும் கணக்கில் சேரும், லெவலுக்கு 12 பாயின்ட் நாமே பிரித்துக்கொள்ளலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர் அதில் ஆரம்பிக்கலாம்.

காவேரிப்பட்டணம்: பழைய பால்டர்ஸ் கேட் (1998). ஒரே பார்ட்டி, ஒரே சண்டை, ஆனா என் திருடன் எப்பவும் மந்திரவாதியை (மேஜ்) விட லெவல்ல முன்னாடி இருக்கான். இது கேம் கோளாறா (பக்)?

பக் இல்லை, அது அந்த விதிப்புத்தகத்தின் குணம். அந்த கேம் பின்பற்றும் ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இரண்டாம் பதிப்பின் கணக்கில் ஒவ்வொரு கிளாஸுக்கும் (கேரக்டரின் தொழில் வகைக்கும்) தனித்தனி அட்டவணை. லெவல் 2-க்குத் திருடனுக்கு 1,250 எக்ஸ்பி போதும். கிளெரிக்குக்கு 1,500, ஃபைட்டருக்கு 2,000, மேஜுக்கு 2,500. மேஜ் லெவல் 2 தொடும் அதே நொடியில் திருடன் லெவல் 3-ல் இருப்பான். கிளாஸ் தேர்வே லெவல் வேகத்தை நேரடியாகத் தீர்மானிக்கும் கேம் என்றால் இதுதான்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஃபைட்டர்-மேஜ் போல மல்டி கிளாஸ் போட்டால் வரும் எக்ஸ்பி இரண்டாகப் பிரியும். இரண்டு பக்கமும் மெதுவாகத்தான் ஏறும். அப்புறம், கொன்றதற்கான எக்ஸ்பி பார்ட்டியில் உள்ளவர்களுக்குள் பங்காகும். ஆறு பேருக்குப் பதில் மூன்று பேரோடு போனால் ஆளுக்கு இரண்டு மடங்கு. மூன்று பேரை வைத்து உயிரோடு திரும்பி வர முடியுமா என்பது உங்கள் சாமர்த்தியம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் டி அண்ட் டி எல்லா கிளாஸுக்கும் ஒரே அட்டவணை ஆக்கிவிட்டது.

பென்னாகரம்: அண்ணா, பால்டர்ஸ் கேட் 3-ல வேகமா லெவல் ஏறுற கிளாஸ் எது?

எதுவும் இல்லை. 300, 900, 2,700, 6,500 எக்ஸ்பி என்று எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு, லெவல் 12-ல் முடிவு. முகாமில் தூங்குகிறவருக்கும் எக்ஸ்பி உண்டு. பேசி முடித்தாலும் உண்டு, வெட்டி முடித்தாலும் உண்டு. பில்டு இங்கே லெவலைத் தள்ளிப்போடாது, பலத்தைத் தள்ளிப்போடும். லெவல் 5-ல் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி, விஸார்டுக்கு ஃபயர்பால் வரும். அதற்கு முன்பே இரண்டு கிளாஸ் கலந்துவிட்டால் அது உங்களுக்கு லெவல் 6 அல்லது 7-ல்தான் வரும். கலப்பதாக இருந்தால் 5-க்குப் பிறகு கலக்குங்கள். பிடிக்கவில்லையென்றால் முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

ஓசூர், சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்: தினமும் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) கிளாசிக்கில் தனியாக லெவல் ஏற எந்த கிளாஸ்? வாரியர் எடுத்து நொந்துபோய்விட்டேன்.

நொந்துபோனதில் ஆச்சரியமே இல்லை. தனியாக லெவல் ஏற்றுவதில் வாரியர்தான் பாவப்பட்ட ஜென்மம். எல்லாரும் ஓர் அடிக்கு எவ்வளவு டேமேஜ் என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, ஒரு சண்டை முடிந்து அடுத்த சண்டை ஆரம்பிக்கும் வரை எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்பதை. ஓர் உதாரணக் கணக்கு. ஒருவர் 15 விநாடியில் ஒன்றைக் கொல்கிறார், மூன்று கொன்றதும் 30 விநாடி உட்கார்ந்து ரொட்டி தின்கிறார். மணிக்கு 144. இன்னொருவர் ஒன்றைக் கொல்ல 20 விநாடி எடுத்துக்கொள்கிறார், ஆனால் உட்காருவதே இல்லை. மணிக்கு 180. மெதுவாக அடிக்கிறவர்தான் முன்னால் போகிறார். நடுவில் ஒருமுறை செத்து, சுடுகாட்டிலிருந்து உடலைத் தேடி ஓடினால் முதல் ஆளின் கணக்கு இன்னும் இறங்கும்.

அதனால் ஹண்டர் எடுங்கள். லெவல் 10-ல் பெட் (கூடவே சண்டை போடும் விலங்கு) வந்துவிடும். அடியை அது வாங்கிக்கொள்ளும், நீங்கள் தூரத்திலிருந்து அம்பு விடலாம். லெவல் ஏறக் கிடைக்கும் டேலன்ட் பாயின்ட்டை பீஸ்ட் மாஸ்டரியில் போடுங்கள். வார்லாக்கும் பரவாயில்லை. ப்ரீஸ்ட் மேல் ஆசை இருந்தால் ஷேடோ பக்கம் போங்கள். லெவல் ஏறும்போது ஹீலர் டேலன்ட் போடுவது வீண். பாலடின் சாகமாட்டார், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தூக்கம் வரும்.

ஷிஃப்ட்காரருக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. சத்திரத்துக்குள் நின்று லாக்-அவுட் செய்தால் ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் லெவலில் 5% அளவுக்கு ரெஸ்டட் (ஓய்வு) எக்ஸ்பி சேரும், அதிகபட்சம் ஒன்றரை லெவல் வரை. அது தீரும்வரை கொல்வதற்கான எக்ஸ்பி இரண்டு மடங்கு. குவெஸ்ட் எக்ஸ்பிக்கு இது செல்லாது. வெளியே காட்டில் லாக்-அவுட் செய்தால் நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் சேரும். சூப்பர்வைசர் கூப்பிட்டாலும் சத்திரம் வரை ஓடிவிட்டு மூடுங்கள்.

பாலக்கோடு: எல்டன் ரிங்கில் ரெட்ச்ங்கிற கிளாஸ் லெவல் 1-ல ஆரம்பிக்கிறான். லெவல் வாங்கும் ரூன் செலவு கம்மி, சீக்கிரம் ஏறலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரியா?

எண் சீக்கிரம் ஏறும், பலம் ஏறாது. ரெட்ச்சுக்கு எட்டு ஸ்டாட்டும் 10, மொத்தம் 80. லெவல் 9-ல் ஆரம்பிக்கும் வேகபாண்ட் கிளாஸுக்கு மொத்தம் 88. ரெட்ச் 9-க்கு வரும்போது அவனுக்கும் 88 தான். ஒரு லெவலுக்கான ரூன் செலவு லெவலைப் பொறுத்தது, கிளாஸைப் பொறுத்தது அல்ல. வாள் வீரனாகப் போகிறவனுக்கு ரெட்ச்சின் ஆர்கேன் 10 எதற்கு? வேகபாண்டில் அது 7. மிச்சம் 3 வேறு இடத்தில் வேலை செய்யும்.

இந்த கேமில் லெவல் வேகத்தைத் தின்பது சாவுதான். செத்தால் ரூன் கீழே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் போயே போச்சு. ஆகவே எந்த பில்டு என்றாலும் விகரை (உயிர் அளவைக் கூட்டும் ஸ்டாட்) 40 வரை கொண்டுபோவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆரம்பத்தில் ஆயுதத்தை ஸ்மித்திங் ஸ்டோனில் ஏற்றுவது, ஸ்ட்ரெங்த்தில் இரண்டு மூன்று பாயின்ட் போடுவதைவிட அதிகம் பலன் தரும். கேலிட்டில் உள்ள அபாண்டன்ட் கேவில் கோல்டு ஸ்கேரப் டாலிஸ்மன் இருக்கிறது, ரூன் 20% கூடும். காவலுக்கு இரண்டு நைட்கள் நிற்பார்கள், பார்த்துப் போங்கள்.

தருமபுரி, நான்கு நண்பர்கள்: டயாப்லோ 2 சேர்ந்து ஆடுறோம். நாலு பேரும் பார்பேரியன். மெதுவா போகுது. யார் மாறணும்?

ஒருவராவது சோர்சரஸ் (மந்திரக்காரி) ஆகுங்கள். லெவல் 18-ல் டெலிபோர்ட் வந்துவிட்டால் பாதி மேப்பை நடக்கவே தேவையில்லை. நடக்கிற நேரமும் லெவல் ஏறாத நேரம்தானே. ஆள் கூடக் கூட எதிரியின் உயிரும் எக்ஸ்பியும் கூடும். பார்ட்டியில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது லெவல் விகிதத்தில் பங்காகும். அதனால் ஒருவர் மட்டும் ராத்திரி தனியாக ஆடி முன்னால் ஓடிவிட்டால் மற்ற மூவரின் பங்கு சுருங்கும்.

சோர்சரஸ் எடுக்கிறவர் எனர்ஜியில் பாயின்ட் கொட்ட வேண்டாம், வைட்டாலிட்டியில் போடட்டும். பிளிஸார்டுக்கு லெவல் 24 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வேறு ஸ்பெல்லில் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, அகாரா என்ற கேரக்டரிடம் போய் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். 2010-ல் வந்த 1.13 பேட்சிலிருந்து ஒவ்வொரு டிஃபிகல்ட்டிக்கும் ஒரு ரீஸ்பெக் (இப்படிப் பாயின்ட்டை மாற்றிப் போடுவது) இலவசம். டென் ஆஃப் ஈவில் என்ற குவெஸ்ட்டை முடித்திருந்தால் போதும்.

அரூர், ஒரு தந்தை: சார், பையன் போனில் டயாப்லோ இம்மார்ட்டல் ஆடுகிறான். மற்றவர்களைவிட லெவலில் பின்தங்கிவிட்டானாம், காசு கட்டினால் பிடித்துவிடலாம் என்கிறான். கட்டலாமா?

லெவலுக்காக என்றால் வேண்டாம். அந்த கேமில் சர்வருக்கென்று ஒரு பாராகான் லெவல் (சாதாரண லெவல்கள் முடிந்தபின் வருவது) உண்டு. அதற்குப் பின்னால் இருப்பவருக்கு எக்ஸ்பி தானாகவே கூடுதலாகக் கிடைக்கும், முன்னால் ஓடுகிறவருக்குக் குறையும். தம்பியைப் பொறுமையாக ஆடச் சொல்லுங்கள். அங்கே காசு கேட்பது பெரும்பாலும் பலம் கூட்டும் ஜெம்முக்கு, அந்தப் பள்ளத்துக்கு அடி கிடையாது.

தேன்கனிக்கோட்டை: போனில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸ் மூணையும் சமமா ஏத்தறேன். சரியா?

பார்க்க அழகாக இருக்கும், நேரம் கூட ஆகும். கைச்சண்டையில் ஒரு டேமேஜுக்கு 4 எக்ஸ்பி. எந்த ஸ்டைலில் அடித்தாலும் அதே கணக்கு. ஸ்ட்ரெங்த் ஏறினால் அடுத்த அடி பெரிதாகும், எக்ஸ்பியும் பெரிதாகும். டிஃபென்ஸ் ஏறினால் அடி பெரிதாகாது. அதனால் ஸ்ட்ரெங்த்தை முன்னால் விடுங்கள், நல்ல ஆயுதம் எடுக்கத் தேவையான அளவுக்கு அட்டாக் பின்னாலேயே வரட்டும், டிஃபென்ஸ் கடைசியில். அப்புறம் லெவல் 92-க்கு வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 99-க்கு 13,034,431 எக்ஸ்பி வேண்டும். 92 என்பது அதில் சரிபாதிதான்.