கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறிய விமானத்தளம் எப்படி இயங்குகிறது?

சிறிய விமானத்தளம் என்றால் ஒரு ஓடுபாதை, காற்றின் திசை காட்டும் துணிக் காற்றுப்பை, எரிபொருள் தொட்டி, கொட்டகை; சிலவற்றில் ‘ஹெச்’ எழுதிய ஹெலிகாப்டர் தளமும் உண்டு. பிரிட்டனில் இப்படிப் பல தளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பிறந்தவை. அன்றைய விமானங்களுக்குப் பக்கக்காற்று ஆகாது. அதனால்தான், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏதாவது ஒன்று ஓரளவு அதற்கு நேராக அமையும்படி, பல இடங்களில் முக்கோணமாக 3 ஓடுபாதைகள் போட்டார்கள்.

போக்குவரத்து குறைவு என்பதால் பல தளங்களில் கோபுரம் வைப்பதில்லை. சரி, மோதாமல் எப்படி? விமானிகள் ஒரே வானொலி அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வருவார்கள்: “ஓடுபாதை 27-க்கு நேராக வந்துவிட்டேன், இறங்கப்போகிறேன்.” மலைப்பாதை வளைவில் ஹாரன் அடிப்பது மாதிரிதான். 27 என்பது திசை. காந்தத் திசைகாட்டியில் சுமார் 270 பாகை, அதாவது மேற்கு. வேறு விதி இல்லாவிட்டால் எல்லோரும் ஓடுபாதையை இடப்பக்கம் வைத்தே சுற்றி வருவார்கள். எதிரெதிரே வரும் ஆபத்து குறைகிறது. வானொலி இல்லாத விமானமும் வரலாம் என்பதால் கண்ணால் தேடுவதை விடவே கூடாது. எனக்கு மிகவும் மதிப்புள்ள ஒழுக்கம் இது.

ஹெலிகாப்டர் மேலிருந்து செங்குத்தாக இறங்கும், சின்ன இடம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வேகமாக இறங்கினால் தன் சுழலி கீழே தள்ளிய காற்றிலேயே சிக்கித் தூக்குவிசையை இழக்கும், அதனால் பெரும்பாலும் காற்றை எதிர்த்துச் சாய்வாகத்தான் வரும், அந்தப் பாதையில் மரமோ கம்பியோ இருக்கக் கூடாது.