ராணுவ ஜீப்பைப் பட்டறை பிடித்து வைக்கலாமா?

கேள்வி: என் தாத்தா ராணுவ ஏலத்தில் எடுத்த 1944-ம் ஆண்டு ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்பை அதன் பழைய வடிவத்துக்கே மீட்டுத் தரும்படி, கோவையில் இதற்கென்றே இயங்கும் ஒரு பட்டறையில் விட்டேன். 6 லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். 4.5 லட்சத்தை வங்கி மூலம் கட்டிவிட்டேன். சென்ற மாதம் போய்ப் பார்த்தபோது, என்னைக் கேட்காமலேயே பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினைப் பொருத்தியிருந்தார்கள். மேலும் 5 லட்சம் கொடுத்தால்தான் வண்டியை விடுவோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், ஈரோடு.

பதில்: வண்டி வெளியே வந்தால் போதும் என்று அந்த 5 லட்சத்தைக் கட்டிவிடாதீர்கள். மறுப்பு எதுவும் எழுதாமல் கட்டினால், இன்ஜின் மாற்றத்துக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே பின்னர் வாதிடுவார்கள்.

பட்டறைக்கு வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒப்படைக்கப்பட்ட பொருளில், ஒப்படைத்த நோக்கத்துக்கு இணங்கத் தம் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், அந்த வேலைக்கு உரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 170-வது பிரிவு. ஆனால் ‘நோக்கத்துக்கு இணங்க’ என்ற நிபந்தனையில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. பழைய வடிவத்துக்கு மீட்பதற்காக விட்ட வண்டியில் டீசல் இன்ஜினைப் பொருத்தியது அந்த நோக்கத்துக்கு நேர் எதிரானது. அதற்கான செலவை உரிய கூலி என்று கேட்க இடமில்லை. எஸ்டிமேட்படி மீதமுள்ள 1.5 லட்சத்தைப் பற்றி மட்டுமே அவர்கள் பேச முடியும். வேலை சரியாக முடியாத நிலையில் அதுகூட முழுமையாகச் சேருமா என்பது கேள்விக்குரியதே. பிடித்து வைக்கும் இந்த உரிமை வண்டியை விற்கும் அதிகாரத்தைத் தருவதில்லை.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பழைய இன்ஜினைப் பற்றியதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியின்றி இன்ஜினை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் சிக்கல் உங்களுக்குத்தான். மேலும், 50 ஆண்டு கடந்த வாகனங்களை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் வந்த விதிகள், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டகம்), பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கின்றன. எனவே உங்கள் இழப்பு ஓர் இன்ஜினின் விலையோடு நிற்பதல்ல. விண்டேஜ் பதிவு கிடைக்காமல் போகக்கூடிய இழப்பையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

முதலில், கழற்றிய இன்ஜின் எங்கே இருக்கிறது என்று கேட்டும், அதை விற்கவோ மாற்றவோ கூடாது என்று எச்சரித்தும் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கு முன்பே நேரில் சென்று, சேஸிஸின் இடப்பக்க ஃபிரேமின் மேற்புறத்தில் குத்தியிருக்கும் எண்ணையும், இன்ஜின் எண்ணையும், போல்ட்டுகளின் தலையில் ஃபோர்டு நிறுவனம் பொறித்த ‘எஃப்’ எழுத்தையும் தெளிவாகப் படமெடுத்து, பதிவுச் சான்றோடு ஒப்பிட்டு வையுங்கள். இன்ஜினைத் திருப்பித் தர மறுத்தாலோ, விற்றுவிட்டதாகச் சொன்னாலோ, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின்படி நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கலாம். அதுவரை காவல் நிலையம் இதை உரிமையியல் தகராறு என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

அறிவிப்புக்குப் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கோவைக்கு அலையாமல் ஈரோட்டிலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால் கட்டணமும் இல்லை. 1.5 லட்சத்தை ஆணையத்தில் கட்டத் தயார் என்று சொல்லி, வண்டியையும் பழைய இன்ஜினையும் ஒப்படைக்கும்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாக வேண்டும். ஜீப்பைத் திரைப்படப் படப்பிடிப்புக்கோ திருமண ஊர்வலத்துக்கோ வாடகைக்கு விடும் தொழில் செய்பவராக இருந்தால், நீங்கள் ‘நுகர்வோர்’ அல்ல என்ற எதிர்வாதம் வரும். அப்படியானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக நேரிடும்.

இடையில் அவர்கள் சமரசத்துக்கு வந்தால், பழைய இன்ஜினை அவர்கள் செலவிலேயே திரும்பப் பொருத்துவதற்கான தேதியை முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். பொருத்திய பிறகு, இன்ஜின் எண்ணைப் பதிவுச் சான்றோடு நீங்களே நேரில் சரிபார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.