பூஜ்ஜியத்தில் ஒரு தோழி

கேள்வி: 'எ சர்ட்டன் சயின்டிஃபிக் ரெயில்கன்' மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஒரு கிளைக்கதையாமே, மூலக்கதையைத் தொடாமல் நேரே இதில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக. 'மேஜிக்கல் இண்டெக்ஸ்' நாவல்களிலிருந்து பிரிந்து 2007-இல் தொடங்கிய தொடர்தான், ஆனாலும் தனியாகவே புரியும். கதை நடக்கும் அகாடமி சிட்டி நகரில் மாணவர்களின் அமானுஷ்ய சக்தியை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். ஐந்தில் இருப்பவர்கள் மொத்தமே ஏழு பேர், நாயகி மிசாகா அதில் மூன்றாவது, காசைச் சுண்டிவிட்டே பீரங்கி மாதிரி சுடுவாள். எனக்குப் பிடித்தவளோ பூஜ்ஜியத்தில் நிற்கும் அவள் தோழி சாதென். இதன் அனிமேயில் (அனிமேஷன் தொடரில்) சாதென் குறுக்குவழியில் சக்தி தேடிப்போய் மயங்கி விழப்போகிற நேரத்தில், தலை நிறையப் பூ வைத்த தோழி உய்ஹாரு போனிலேயே அவளைத் தேற்றுகிறாளே, அங்கே கண் கலங்கிவிட்டது. மிசாகாவின் அறைத்தோழி குரோகோவின் அசட்டுச் சேட்டைதான் சில இடங்களில் அலுக்கும், அதைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.