கீத் எலிசன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020-இல் மினியாபொலிஸ் நகரில் போலீஸ்காரர் டெரெக் ஷோவின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கொலை வழக்கு பற்றிய கட்டுரையில், அமெரிக்காவின் மினசோட்டா மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர்) கீத் எலிசனை மிகவும் பாராட்டியிருந்தீர்கள். அவர் கட்சிக்காரர். மாநில சட்டமன்றத்திலும், பிறகு 12 ஆண்டுகள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தவர். ஓட்டு வாங்கி வந்தவரிடம் கொலை வழக்கை ஒப்படைக்கலாமா? ஊரே கொந்தளித்தபோது அந்த வழக்கு தானாகவே வென்றிருக்கும் அல்லவா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயமாகத் தானாக வென்றிருக்காது. அதே மினசோட்டாவில் 2016-இல் ஃபிலாண்டோ காஸ்டிலைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர் மறு ஆண்டே விடுதலையானார். அந்த வழக்கிலும் காணொளி இருந்தது.

எலிசன் அரசியலுக்கு வருமுன் மினியாபொலிஸில் ஏழைகளுக்காக வாதாடும் சட்ட மையத்தை நடத்தியவர். அரசுத் தரப்பு எங்கே சறுக்கும் என்பது எதிர்த்தரப்பில் நின்றவருக்கே நன்றாகத் தெரியும். ஆளுநர் டிம் வால்ஸ் வழக்கை அவரிடம் கொடுத்தார். 2020 ஜூன் 3 அன்று எலிசன், ஷோவின் மீதான கொலைக் குற்றச்சாட்டைக் கடுமையாக்கி, உடனிருந்த மூன்று போலீஸ்காரர்கள் மீதும் வழக்குப் போட்டார். அன்றே, தண்டனை வாங்கித் தருவது கடினம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். எரிந்துகொண்டிருந்த ஊரிடம் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

உலகமே நேரலையில் பார்த்த விசாரணை அது. தானே எழுந்து வாதாடிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ தன் அலுவலகத்தின் மேத்யூ ஃபிராங்கையும், ஊதியம் வாங்காமல் வந்த ஜெர்ரி பிளாக்வெல் போன்றவர்களையும் முன்னிறுத்தினார். நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபினும் கட்டணம் வாங்காமல்தான் சாட்சி சொன்னார். கழுத்தின் எந்த இடம் அழுந்தினால் மூச்சு அடைபடும் என்று அவர் தன் கழுத்திலேயே தொட்டுக் காட்டினார். ஜூரிகளும் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஃப்ளாய்டின் கழுத்து அழுந்திக் கிடந்த 9 நிமிடம் 29 நொடி என்றால் என்ன என்பது அவர்கள் விரல்களுக்கே புரிந்திருக்கும்.

2021 ஏப்ரல் 20 அன்று டெரெக் ஷோவின் மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அன்றும் எலிசன் இதை நீதி என்று சொல்ல மறுத்தார். பொறுப்பேற்க வைத்திருக்கிறோம், நீதிக்கு இது முதல் படி என்றார்.

ஓட்டு பற்றிய உங்கள் கவலை நியாயமானதுதான். அங்கே 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தப் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. ஓட்டுக்காக வழக்கை வளைக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் எலிசன், மினியாபொலிஸ் போலீஸ் துறைக்குப் பதிலாகப் புதிய துறை அமைக்கும் 2021 வாக்கெடுப்பை ஆதரித்தார். அது தோற்றது. எதிர்த்தரப்பு அதையே ஆயுதமாக எடுத்தது. 2022 தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பினார். ஓட்டை மட்டும் கணக்கிடுபவர் அந்த வாக்கெடுப்பில் வாயே திறந்திருக்க மாட்டார்.