அடையும் தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

இராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வயது 38. ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபையில் பன்னிரண்டு வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். போன வருடம் அம்மா தவறியதிலிருந்து மனசு எதிலும் ஒட்டவில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒரு உபவாசக் கூட்டத்தில், "கிறிஸ்துவை நோக்கிப் பார், மாத்திரையை நோக்காதே" என்றார்கள். நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, அவர் தெரியவில்லை. சில இரவுகளில் காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று ஜெபிக்கிறேன். எனக்கு விசுவாசமே இல்லையா? இப்படிப்பட்டவள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாமா?

*

அன்புள்ள சகோதரி,

கண் விழிக்காமல் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அது. எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் டாக்டரிடமும் சொல்லுங்கள். நாளைக்கே போங்கள். மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்காதீர்கள். அந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் பிடிக்கும். திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் இன்னும் மோசமாகலாம். இன்றிரவே வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லி, கூடவே இருக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அரசாங்கத்தின் டெலிமானஸ் சேவை அது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சரி, இனி உங்கள் கேள்வி.

உங்களைப் போலவே ஜெபித்த ஒருவரைப் பற்றி நீங்களே பிள்ளைகளுக்குப் பலமுறை பாடம் எடுத்திருப்பீர்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய கதையைச் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அங்கே எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இதைக் கேட்ட கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை, 'உன் விசுவாசம் எங்கே' என்று கேட்கவும் இல்லை. தூங்க விடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. நம் தமிழ் வேதத்தில் 'அடை' என்றே இருக்கிறது. சின்ன வயதில் நான் அதைப் பாட்டி வார்க்கும் முருங்கைக்கீரை அடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னமும் அப்படியே நினைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போக வேண்டிய தூரம் அதிகம் என்பதால். ஓரேப் மலையில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். இப்போதைக்கு உங்கள் அடையும் தண்ணீரும் அந்த மாத்திரைதான் என்று நினைக்கிறேன்.

மருந்தும் விசுவாசமும் சண்டைக்காரர்கள் என்று வேறு எங்கேயாவது சொன்னாலும் பரவாயில்லை, நம் ஊரில் சொல்லலாமா? ஐடா ஸ்கடர் அம்மா மிஷனெரி குடும்பத்தில் பிறந்தவர். ஜெபம் தெரியாமலா மருத்துவம் படிக்கப் போனார்? 1900-ல் அவர் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதைத்தான் இன்று சி.எம்.சி. மருத்துவமனை என்கிறோம். உபவாசக் கூட்டத்தில் உங்களுக்கு அறிவுரை சொன்னவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டிருப்பார்கள்.

எனக்கும் இது வந்தது, பதினாறு வருடத்துக்கு முன்னால். காட்பாடி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். ரயில் போகிற சத்தத்தை வைத்து மணி என்ன என்று கணக்குப் பண்ணுவதுதான் நாள் முழுக்க வேலை. "பாகாயம் போகலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னபோது அவமானமாக இருந்தது. பாகாயம் என்பது எங்கள் வீட்டில் கிண்டலுக்குச் சொல்கிற பேர். போனேன். அங்கே இருக்கும் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது வெகுகாலமாக உள்ள வழக்கம். என் நாத்தனார் வந்து தங்கினாள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பாள், அப்புறம் என் தலையை வாரிவிடுவாள். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் தம் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று சொல்லி சீஷர்களிடம் கேட்டதும் இவ்வளவுதானே, இங்கே தங்கி என்னோடேகூட விழித்திருங்கள் என்று? அவர்கள் தூங்கிவிட்டார்கள். இவள் தூங்கவில்லை.

ஒரு நாள் அவள் 88-ம் சங்கீதத்தை வாசித்தாள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியில் வந்து நிற்கும். ஏமான் எழுதிய இது அப்படித் திரும்புவதே இல்லை, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. நம் கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகள் எல்லாம் சுபமாக முடிகின்றன, அதனாலேயே எனக்கு அவற்றைக் கேட்கப் பிடிக்காமல் போயிருந்தது. ஏமானுக்குச் சொல்ல அப்படி ஒரு முடிவு இல்லை. ஆனாலும் அந்த இருட்டில் அவர் பேசுவது கர்த்தரோடுதான். நீங்கள் ராத்திரியில் செய்வதும் அதுதானே? விசுவாசம் இல்லாதவள் யாரிடம் முறையிடுவாள்?

கிறிஸ்துவை நோக்கிப் பார் என்றார்கள், சரிதான். ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவரை அல்ல. 'நான் சரியாகப் பார்க்கிறேனா, எனக்கு ஏதாவது தோன்றுகிறதா' என்று உங்களையே நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் மாதக்கணக்கில் இதைத்தான் செய்தேன். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனைப் பாருங்கள். அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. எனக்கு அந்த நாலு பேரில் ஒருத்தி நாத்தனார்.

வேதத்தில் தினம் மூன்று அதிகாரம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். சுவிசேஷத்தில் ஏதாவது ஒரு காட்சி போதும், அதில் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் மூடி வையுங்கள். சொந்தமாக ஜெபிக்க வராதபோது சபையின் ஜெபத்தைக் கடன் வாங்கலாம். 'கர்த்தாவே இரங்கும், கிறிஸ்துவே இரங்கும்' போதும். கர்த்தருடைய ஜெபத்தில்கூட 'என் பிதாவே' என்று இல்லை, 'எங்கள் பிதாவே' என்றுதான் இருக்கிறது. நீங்கள் சொல்லாத நாளிலும் இராணிப்பேட்டையில் யாரோ உங்களையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பாலாற்றை உவமை சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மேலே மணல், கீழே ஊற்று என்று நம் ஊர்ப் பிரசங்கிகள் சொல்லாத வருடம் இல்லை. மணலையே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், விடுங்கள்.

ஞாயிறு பள்ளியை ஒரு மூன்று மாதம் வேறொருவரிடம் கொடுங்கள். நீங்கள் தகுதியில்லாதவர் என்பதற்காக அல்ல, காய்ச்சல்காரிக்கு லீவு கொடுப்பதுபோல. கோயிலுக்குப் போங்கள், கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பாடட்டும்.

டாக்டரைப் பார்த்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். ராத்திரி எப்படிப் போயிற்று என்றும்.

அன்புடன்,
அக்கா