மதில், மண், எல்லைக் கல்: கேள்வி பதில்

வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். மதில் சுவர் பற்றிச் சென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அம்பத்தூரில் வீடு. திருட்டு பயம். எட்டடி மதில் எழுப்பலாமா ஐயா?

கூடாது. வீட்டைச் சுற்றி விடவேண்டிய காலியிடத்தில் 2 மீட்டர் உயரம் வரைதான் மதில் எழுப்ப விதி இடம் தருகிறது. அது ஏறக்குறைய ஆறரை அடி. முனை மனை என்றால் தெரு திரும்பும் மூலையில் சுவரைச் சாய்வாக வெட்டிக் கட்டுங்கள். வண்டி ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியவேண்டும்.

மடிப்பாக்கம். பக்கத்து மனைக்காரர் வெள்ளத்துக்குப் பயந்து நான்கு அடி மண் கொட்டி மேடாக்கிவிட்டார். எங்கள் மதில் எங்கள் பக்கம் பிதுங்குகிறது.

முதலில் அந்தச் சுவரோரம் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள். நம் ஊர் மதில் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர். எல்லை காட்டத்தான் அது, மண்ணைத் தாங்க அல்ல. இரண்டடி மண் நான்கு அடியானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. தள்ளும் இடமும் உயர்ந்துவிடுவதால், சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறனோ எட்டு மடங்கு. ஐப்பசி மழையில் மண் ஊறித் தண்ணீரும் தேங்கினால் பாரம் இன்னும் கூடும்.

மேடாக்கியவர் தம் பக்கத்தில், தம் செலவில், கம்பி கட்டிய கான்கிரீட் தாங்கு சுவர் எழுப்புவதுதான் நியாயம். அதன் பின்னால் ஓர் அடிக்கு ஜல்லி நிரப்பி, தேங்கும் நீரைத் துளைக்குழாய் வழியே அவருடைய வடிகாலுக்கே கொண்டுபோகவேண்டும். உங்கள் முற்றத்தில் திறந்துவிட்டால் சுவர் பிழைக்கும், சண்டை ஓயாது. பிதுங்கிய இடத்தைச் சிமென்ட் பூசி மறைக்கலாம் என்று கொத்தனார் சொன்னால் கேட்காதீர்கள். நோய்க்குப் பவுடர் பூசுவது போன்றது அது.

பெரம்பூர். பக்கத்தில் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டுகிறார்கள். எங்கள் மதிலடி மண் சரிகிறது.

பக்கத்து நிலத்தின் பிடிமானம் போகும்படி தோண்டக்கூடாது என்பது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலேயே உண்டு. அந்த உரிமை நிலத்துக்குத்தான். மேலே நிற்கும் கட்டடத்தின் பாரத்துக்கும் அதைக் கோர, அந்தப் பிடிமானத்தை 20 ஆண்டு தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். இன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். மாநகராட்சிப் பொறியாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

பழைய மதிலை இடித்துக் கட்டப்போகிறேன். அரை அடி தன்னுடையது என்கிறார் பக்கத்து வீட்டம்மா.

இடிக்காதீர்கள்! இப்போதைக்கு அந்தச் சுவரே உங்கள் சாட்சி. வட்டாட்சியர் அலுவலகத்தில் அளவைக்கு விண்ணப்பித்து, மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தோடு சர்வேயர் வரும் நாளில் அந்த அம்மாவையும் அழையுங்கள். கல் நட்ட பிறகு இருவரும் கையெழுத்திடுங்கள். அடித்தளமும் உங்கள் எல்லைக்குள்ளேயே அடங்கட்டும். தரைக்கு மேல் ஒன்பது அங்குலமாகத் தெரியும் சுவர், கீழே இரண்டடி அகலத்தில் பக்கத்து மனைக்குள் காலை நீட்டியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.